என் அக்கா கொழுந்து மடுவத்தில் சொன்னது

அன்று தேயிலை நிறுக்கிற மடுவத்தில் நின்றவர்கள் நாற்பத்து மூன்று பேர். நான் எண்ணினேன். எதையும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம்; வகுப்பில் பிள்ளைகளை எண்ணி எண்ணி வந்தது, இந்த வயதிலும் விடவில்லை. நாற்பத்து மூன்று பேருக்கும் காது இருந்தது. என் அக்கா தன் வாயால், எல்லோருக்கும் கேட்கும்படி, தனக்கு என்ன வைத்தியம் செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று சொன்னாள். மூன்று மாதம் கழித்து அதை எடுத்துச் சொல்ல வேண்டிய நேரம் வந்தபோது வாய் திறந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். மற்றவள், எங்கள் சாதிசனம் வாசலுக்குள் விடாத ஒருத்தி.

இது எழுபதுகளின் கடைசியில் நடந்தது. இலங்கை மலைநாட்டில், வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியர். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அதே தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன், ஹட்டனில் ஒரு இரும்புக் கடையில் வேலை, அங்கேயே குடும்பம்.

அக்காவுக்கு வெற்றிலை போடும் பழக்கம் உண்டு. தோட்டத்தில் போடாதவர் யார்? மழையிலும் குளிரிலும் மலையில் நிற்கிற பெண்களுக்கு வேறென்ன இருந்தது? புகையிலையை இடது கன்னத்தில் அதக்கிக்கொண்டால் மத்தியானம்வரை பசி தெரியாது. அந்த இடது கன்னத்துக்குள்தான் புண் வந்தது. தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போனாள். அங்கே இருந்தவர் டாக்டருக்குப் படித்தவரல்ல, ஆனாலும் நாங்கள் டாக்டரய்யா என்றுதான் சொல்வோம். அவர் ஊதா மருந்தைப் பஞ்சில் தோய்த்துத் தடவி அனுப்பினார். அடுத்த வாரமும் ஊதா. அதற்கடுத்த வாரமும் ஊதா. ஏழு தடவை தடவினார். ஏழாவது தடவை நானும் கூடப் போய், புண் ஆறவில்லையே ஐயா, வேறு இடத்துக்கு எழுதிக் கொடுங்கள் என்றேன். வெற்றிலையை விடச் சொல்லுங்கள், எல்லாம் சரியாகும் என்றார். அவருடைய பல்லும் சிவப்பாகத்தான் இருந்தது.

கடைசியில் நானே கண்டிக்குக் கூட்டிப் போனேன். துளி சதையை வெட்டி எடுத்துப் பார்த்துப் புற்று என்றார்கள். கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே ஆறு வாரம் கரண்டு வைத்தார்கள். கதிர் மருத்துவத்தை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். கன்னம் கறுத்து, குரல் கம்மி, ஆனாலும் சோற்றைக் குழைத்துச் சாப்பிடுகிற நிலையில் திரும்பி வந்தாள். நோயைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. பக்கத்துக் கட்டிலில் கிடந்த பெண்ணைப் பற்றித்தான் பேசினாள். அந்தப் பெண்ணுக்கு மூக்கில் குழாய், கழுத்தில் ஓட்டை. பேச்சு கிடையாது. புருஷன் ஒரு பக்கமும் அண்ணன் ஒரு பக்கமும் நின்றுகொண்டு, இன்னொரு ஆபரேஷன் செய்யலாமா வேண்டாமா என்று நாள்தோறும் சண்டை.

“அவ கண்ணு இங்கிட்டும் அங்கிட்டும் போயிட்டு வருது தம்பி,” என்றாள் அக்கா. “அவள ஒருத்தரும் கேக்கல.”

எட்டு மாதத்தில் தாடைக்குக் கீழே கட்டி வந்தது. கண்டி கிளினிக்கில் டாக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். இனிமேல் கரண்டு வைக்க முடியாது. நாக்கு மரத்துப் போகும். பிறகு சாப்பாடு இறங்காது, மூச்சும் சிரமப்படும். அப்போது மூக்கில் குழாய் போட்டுக் கஞ்சி ஊற்றலாம், கழுத்தில் ஓட்டை போட்டு மூச்சு விட வைக்கலாம். நோய் குணமாகுமா என்று அக்கா கேட்டாள். ஆகாது என்றார். ரயிலில் திரும்பி வந்தோம். வட்டகொடையில் இறங்கும்போதுதான், நாக்கு இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும் என்றாள்.

நான் படித்தவன். ஒரு தாளில் எழுதுவோம், நீ கையெழுத்து வை, நான் சாட்சி போடுகிறேன் என்றேன். அவள் சிரித்தாள். வாய் முழுதும் திறக்காது, பாதிச் சிரிப்பு.

“எங்கப்பாரு ரேக வச்ச காயிதம் எத்தன தம்பி? பிரஜா உரிமைக்கு வச்சாரு, பாஸ்போட்டுக்கு வச்சாரு. ஒண்ணாச்சும் நமக்கு ஆச்சா? காயிதம் எழுதுனா அத வாங்குறவன் பக்கந்தான் பேசும்.”

இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் ஆட்களுக்குப் பிரஜா உரிமை மறுத்த காலத்து அலைச்சல் அது. ஆகவே அவள் மடுவத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

மடுவம் என்பது கொழுந்து நிறுக்கிற கொட்டகை. தகரக் கூரை, நடுவில் தொங்கும் தராசு. சாயங்காலம் பெண்கள் கூடையோடு வரிசையாக வருவார்கள். கணக்கப்பிள்ளை நிறையைச் சத்தமாகச் சொல்வார். பறித்தவள் அதைத் திருப்பிச் சொல்வாள். தப்பாகச் சொன்னால் வரிசை முழுவதும் கத்தும். கூடைக்குக் கழிவு, ஈரத்துக்குக் கழிவு என்று அவர் குறைத்தாலும், இத்தனை பேர் காதில் விழுந்த எண்ணை இரவில் மாற்ற முடியாது. அந்தத் தோட்டத்தில் ஒரு பெண் சொன்ன சொல்லுக்கு மறு சொல் சொல்லியே ஆக வேண்டிய ஒரே இடம் அதுதான். அங்கே சொன்னது நிற்கும் என்று அக்கா நம்பினாள். நானும் நம்பினேன்.

மாதக்கணக்காக வேலைக்குப் போகாதவள், கூடையில்லாமல், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, வாயை ஒரு துணியால் பொத்தியபடி வந்து நின்றாள். பள்ளிக்கூடம் விட்டு நானும் போயிருந்தேன்.

“என்னம்மா, வெறுங்கையோட வந்து நிக்கிற? ஒன்னயத்தான் நிறுக்கணுமா?” என்றார் கணக்கப்பிள்ளை.

“ஐயா நிறுத்தா ரெண்டு றாத்தல் கொறஞ்சுல்ல போகும்,” என்றாள் அக்கா.

மடுவமே சிரித்தது. கணக்கப்பிள்ளையும் சிரித்தார், வேறு வழியில்லாமல். சிரிப்பு அடங்கியதும் அவள் துணியை எடுத்துவிட்டுப் பேசினாள்.

“எல்லாருங் கேட்டுக்கங்க. இன்னுங் கொஞ்ச நாள்ல எனக்குப் பேச்சு நிண்டுரும். அப்ப என்னயத் தூக்கிட்டு ஓடாதீங்க. மூக்குல கொழா போடக் கூடாது. கழுத்துல ஓட்ட போடக் கூடாது. எறங்குற வரைக்கும் கஞ்சி குடுங்க. எறங்கலைன்னா துணிய நனச்சு ஒதட்டுல வைங்க. வலிக்கு ஊசி போடுங்க. என் காம்பராவுலயே வச்சுக்கங்க. நான் என்ன சொன்னேன்னு யாருக்காச்சும் சந்தேகம் வந்தா பக்கத்து நெரக்காரியக் கேளுங்க. அவ சொல்றதுதான் நான் சொல்றது.”

மலையில் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு நிரை கொடுப்பார்கள், செடி வரிசை. அக்காவுக்கு அடுத்த நிரை இருபத்தாறு வருஷமாக ஒரே ஆளுக்குத்தான். லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒட்டிய ஒற்றை அறை வீடுகள்; அந்த அறைதான் காம்பரா. அவள் கீழ் லயத்துக்காரி. நாங்கள் மேல் லயம். அவர்களுக்கும் எங்களுக்கும் கொள்வினை கொடுப்பினை கிடையாது, ஒரே பாத்திரத்தில் தண்ணீர் குடிப்பது கிடையாது. அவள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தால் தேத்தண்ணீர் கொடுக்க ஒரு தனித் தம்ளர் கூரைத் தகரத்தின் இடுக்கில் செருகியிருக்கும். இருபத்தாறு வருஷம் மலையில் தோளோடு தோள் நின்றவளுக்கு இதுதான் எங்கள் மரியாதை.

அவள் வரிசையின் நடுவிலிருந்து, என்னை ஏன் இதில் இழுக்கிறீர்கள் என்று சத்தம் போட்டாள்.

“நீதான் ஒரு சொல்லு மாத்தாம சொல்லுவ,” என்றாள் அக்கா. “போன தீவாளிக்கு எம்மருமகள நான் ஏசுனத அச்சுப் பெசகாம அவகிட்டயே போயி சொன்னவ தானே.”

மறுபடியும் சிரிப்பு. இவ்வளவுதான் நடந்தது. நிறுவை தொடர்ந்தது.

எனக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். கூடப் பிறந்தவன் நான், சிங்களம் பேசுகிறவன், டாக்டர்களிடம் போய் நிற்கிறவன். என்னை விட்டுவிட்டு அவளையா என்று வீட்டுக்குப் போகும் வழியிலேயே கேட்டேன். யாராவது கோட்டுப் போட்டவன் நாலு வார்த்தை பேசினால் நீ சரிங்க சரிங்க என்று தலையாட்டிவிடுவாய், அவள் ஆட்டமாட்டாள் என்றாள். சுருக்கென்றிருந்தது.

நாங்கள் எல்லோரும் ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. அக்கா யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. மகன்.

அடுத்த ஞாயிறு அவன் ஹட்டனிலிருந்து வந்தான். பஸ் நிற்கிற இடத்திலிருந்து லயத்துக்கு வருவதற்குள் மூன்று பேர் அவனிடம் சொல்லிவிட்டார்கள். சொன்ன விதமும் எனக்குத் தெரியும். உங்க அம்மா உங்களை நம்பலையாமே, கீழ் லயத்து ஆளிடம் உயிரை ஒப்படைச்சிட்டாங்களாமே. காம்பராவுக்குள் நுழையும்போதே முகம் கறுத்திருந்தது. அம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை. என்னை வெளியே கூப்பிட்டான்.

“பெத்த மகன் நான் உசிரோட இருக்கேன் மாமா. எங்கம்மாவுக்குத் தீர்ப்பு சொல்ல அந்தப் பொம்பளையா?”

தீர்ப்பு இல்லை மாப்பிள்ளை, அம்மா சொன்னதைத் திருப்பிச் சொல்வது மட்டும்தான் அவள் வேலை என்றேன். அவன் காதில் ஏறவில்லை. அவன் கெட்டவன் அல்ல என்பதையும் எழுதிவிட வேண்டும். தாய் மேல் உயிரையே வைத்திருந்தான். அக்கா அவனை மட்டும் பக்கத்தில் உட்கார வைத்து இதையே சொல்லியிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பான், மறுநாள் சொன்னபடி செய்திருப்பான். ஊர் முன்னால் சொன்னதால் அது அவனைப் பற்றிய பேச்சாகிவிட்டது. அம்மா சொன்னபடி செய்தால், அந்தப் பெண் பேச்சைக் கேட்டுத் தாயைச் சாக விட்டான் என்பார்கள். எல்லோரும் கேட்டால் எல்லோரும் காப்பாற்றுவார்கள் என்று நாங்கள் நினைத்தோம். எல்லோரும் கேட்டதால்தான் அவனால் காப்பாற்ற முடியாமல் போயிற்று. நல்ல பெயருக்கு எங்கள் ஆட்கள் கொடுக்கிற விலை எனக்கு அன்றும் பிடிக்காது, இன்றும் பிடிக்காது.

மூன்று மாதத்தில் பேச்சு நின்றது. பிறகு கஞ்சி மூக்கு வழியே திரும்பி வர ஆரம்பித்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை நான் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஒரு வேன் போனது. ஹட்டனிலிருந்து மகன் பிடித்துக்கொண்டு வந்த வேன். நேரம் பார்த்துத்தான் வந்தான். பக்கத்து நிரைக்காரி மலையில், நான் பள்ளிக்கூடத்தில். மத்தியானம் காம்பராவுக்குப் போனபோது பாய் சுருட்டி வைத்திருந்தது. கொழும்புக்குக் கொண்டு போய்விட்டதாக அடுத்த வீட்டில் சொன்னார்கள்.

சாயங்காலம் நான் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினேன். அக்கா சொன்னதை நீங்கள் காதால் கேட்டீர்களே, ஒருவராவது வந்து மகனிடம் சொல்லுங்கள் என்று. தோட்டத்துச் சங்கத் தலைவரிடம் முதலில் போனேன். சம்பளம், லயக்கூரை, தண்ணிப் பீலி என்று எதற்கும் துரை முன்னால் போய் நின்று கத்துகிற மனிதர்.

“இது சங்கப் பிரச்சன இல்ல சார். குடும்பப் பிரச்சன,” என்றார்.

கணக்கப்பிள்ளையிடம் போனேன். நிறுவை நேரத்தில் நான் எண்ணைத்தான் கவனிப்பேன், மற்றதைக் கவனிக்கவில்லை என்றார். மகன் இருக்கும்போது நாம் பேசலாமா என்றாள் ஒருத்தி. சாகிற பேச்சைக் காதில் வாங்கவே கூடாது, அன்றைக்கே நான் காதைப் பொத்திக்கொண்டேன் என்றாள் இன்னொருத்தி. பொத்தவில்லை, நான் பார்த்தேன், அவள்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவள். பதினான்கு வாசல் ஏறினேன். பதினைந்தாவது கீழ் லயத்தில். நான் அந்த லயத்து வாசலில் நின்றது அதுதான் முதல் தடவை என்பதையும் இங்கே சொல்லத்தான் வேண்டும்.

பக்கத்து நிரைக்காரி அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“காலயில எத்தன மணிக்கு சார் ரயிலு?” என்றாள்.

மறுநாள் வட்டகொடையில் ஏறினோம். அவளுக்கு அன்று பேர் இல்லை, அதாவது நாள் சம்பளம் போயிற்று. நான் அதைச் சொன்னேன். அக்கா கிடக்கிற கிடையில் உங்களுக்கு என் பேர்தான் கவலையா என்றாள். வழி முழுவதும் நான் ஆஸ்பத்திரியில் பார்வை நேரம் முடிந்துவிடுமோ, வார்டு மாற்றியிருப்பார்களோ, மகன் எங்களைப் பார்த்ததும் சண்டை பிடிப்பானோ என்று அடுக்கிக்கொண்டே வந்தேன். றொசல்ல ஸ்டேஷன் தாண்டியதும், கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு வாருங்கள் சார், ரயில் உங்கள் பேச்சால் ஓடவில்லை என்றாள்.

வார்டில் முப்பத்தாறு கட்டில்கள், நாற்பதுக்கு மேல் நோயாளிகள். வாசலில் நின்ற அட்டெண்டன் அவளை மட்டும் மறித்து, யார் நீ, உறவா என்று சிங்களத்தில் கேட்டான். அவளுக்குச் சிங்களம் ஓரளவு தெரியும். அக்கா என்றாள். அட்டெண்டன் விட்டுவிட்டான். எங்கள் சாதிக்காரர் ஒருவர்கூட அன்று அங்கே இல்லை. இருந்திருந்தால் அந்தச் சொல்லைச் சொல்ல விட்டிருப்பார்களா?

அக்காவின் மூக்கில் குழாய். இரண்டு மணிக்கட்டையும் பேண்டேஜ் துணியால் கட்டில் கம்பியில் கட்டியிருந்தார்கள். இரவில் இரண்டு முறை குழாயைப் பிடுங்கினாளாம். மணிக்கட்டு சிவந்து தோல் உரிந்திருந்தது. என்னைப் பார்த்தாள். பிறகு என் பின்னால் நின்றவளைப் பார்த்தாள். பார்த்ததும் தலையை இடம் வலமாக ஆட்ட ஆரம்பித்தாள், நிறுத்தவேயில்லை.

பக்கத்து நிரைக்காரி யாரையும் கேட்காமல் ஒரு கை முடிச்சை அவிழ்த்தாள். நர்ஸ் ஓடி வந்தார். நான் டாக்டரைக் கூப்பிடச் சொன்னேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

டாக்டர் இளைஞர், தூக்கமில்லாத கண்கள். கழுத்தில் ஓட்டை போடுவது மறுநாள் காலை என்றார். மகன் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று இவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார், தனக்காகப் பேச இந்தப் பெண்ணை வைத்திருக்கிறார் என்றேன். எங்கே எழுதியிருக்கிறது என்றார். எழுதவில்லை, கொழுந்து நிறுக்கிற இடத்தில் சொன்னார் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளங்க வைக்க முயன்றபோது எனக்கே அது பைத்தியக்காரப் பேச்சாகப் பட்டது. இந்தப் பெண் இரத்த உறவா என்றார். இல்லை. வேறு யாராவது கேட்டவர்கள் உண்டா என்றார். நாற்பது பேருக்கு மேல் என்றேன். அவர்கள் எங்கே என்று கேட்டார்.

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன்.

என் அக்காவுக்கு என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டீர்களா என்றேன் கடைசியில். அவருக்குத்தான் பேச்சு இல்லையே, மகன் பேசினார் என்றார். காது இருக்கிறது என்றேன். தலை இருக்கிறது. ஒரு கை இப்போது அவிழ்ந்திருக்கிறது.

ஒன்றை நான் மறைக்கக் கூடாது. அந்த இளைஞர் கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் தமிழில் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகக் கேட்டார். கழுத்தில் ஓட்டை வேண்டுமா? இல்லை என்று தலை ஆடியது. குழாய் இருக்கட்டுமா? இல்லை. எடுத்தால் சாப்பாடு போகாது, அதிக நாள் இருக்கமாட்டீர்கள், தெரியுமா? தெரியும். அதையே வேறு விதமாக மறுபடியும் கேட்டார். ஆமென்று வர வேண்டியதற்கு ஆமென்றும், இல்லையென்று வர வேண்டியதற்கு இல்லையென்றும் வந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. எங்கே இருக்க வேண்டும் என்றதற்கு, அவிழ்ந்த கையைத் தூக்கிப் பக்கத்து நிரைக்காரியின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

டாக்டர் எழுந்தார். எனக்குப் புரிகிறது, ஆனால் மகன் சம்மதிக்க வேண்டும், நாளைக்கு அவர் வந்து அம்மாவைக் கொன்றுவிட்டீர்கள் என்று முறைப்பாடு செய்தால் நான் என்ன செய்வேன் என்றார். ஒரு மனுஷி, புத்தி தெளிவாக, தன் உடம்பைப் பற்றித் தானே பதில் சொல்கிறாள், அது போதாதாம். நான் கத்தியிருப்பேன். பக்கத்து நிரைக்காரி என் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனாள்.

மகன் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்தான். நான் பேசுவதற்கு வாய் எடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

“தம்பி, நான் சண்டைக்கு வரல. அம்மா இப்ப டாக்டர்கிட்ட தானே சொல்லிருச்சு, போயி நீங்களே கேளுங்க. ஊரு என்ன சொல்லும்னு பயப்படாதீங்க. திங்கக்கெழம மடுவத்துல நான் சொல்றேன். கடசில அம்மா மகங்கிட்டதான் சொல்லுச்சு, மகன்தான் மனசக் கல்லாக்கிட்டுக் கூட்டியாந்தான், நான் சும்மா கூடப் போனேன், ஒரு வார்த்த பேசலன்னு.”

அவன் அவளையே பார்த்தான். “சனங்க நம்புமா?”

“என்னயத் தாழ்த்தி நானே சொல்றப்ப யாரு தம்பி நம்பாம இருப்பாங்க?”

அவன் பெஞ்சில் உட்கார்ந்து அழுதான். சத்தமாக அழுதான். அப்புறம் எழுந்து வார்டுக்குள் போய் அம்மாவின் இன்னொரு கையையும் அவிழ்த்தான். அதுவரைக்கும் ஒரு கை கட்டியேதான் கிடந்தது.

மறுநாள் குழாயை எடுத்தார்கள்; துண்டு வெட்டி, அதாவது வீட்டுக்கு அனுப்பும் சீட்டு வாங்கி, வேனில் கூட்டி வந்தோம். டாக்டர் வலி ஊசிக்கு எங்கள் டிஸ்பென்சரிக்கு எழுதிக் கொடுத்தார். ஊதா மருந்துக்காரர் இந்த முறை ஒழுங்காக வந்து போட்டார், பெரிய ஆஸ்பத்திரிக் கடிதத்துக்குப் பயந்து. அக்கா இரண்டு வாரம்கூட இருக்கவில்லை. அவள் கேட்டது அவ்வளவும் கிடைத்தது: ஊசி, நனைத்த துணி, தன் காம்பரா. பக்கத்து நிரைக்காரி தினமும் நிறுவை முடிந்து வருவாள். முதல் நாள், ஹட்டனிலிருந்து வந்து தங்கியிருந்த மருமகள் அவளை வாசலிலேயே உட்காரச் சொல்லிவிட்டாள். அக்கா கட்டில் பலகையை விரல் முட்டியால் தட்ட ஆரம்பித்தாள். மருமகள் தலையணையைச் சரி செய்தாள், தட்டல் நிற்கவில்லை. தண்ணீர் நனைத்து வைத்தாள், நிற்கவில்லை. கடைசியில் மகன்தான், உள்ளே வாங்க என்றான். அவள் உள்ளே வந்து தரையில் உட்கார்ந்த பிறகு நின்றது.

திங்கட்கிழமை மடுவத்தில் அவள் சொன்ன பொய்யை நான் கேட்டேன். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மூன்று மாதத்துக்கு முன் அதே இடத்தில் அக்கா சொன்னதைக் காதில் வாங்காதவர்களுக்கெல்லாம் அன்று காது நன்றாகக் கேட்டது. கணக்கப்பிள்ளைக்கும்தான்.

சாவு வீட்டில் தலைவர் பேசினார். தாயின் கடைசி ஆசையைக் காதில் வாங்கி நிறைவேற்றிய மகன், இப்படி ஒரு பிள்ளையைப் பெற இந்த அம்மா கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். குடும்பப் பிரச்சினை என்றவர்தான். நான் முன்னால் போக எழுந்தேன். கீழ் லயத்து ஆட்கள் தனியாக நின்ற மேட்டிலிருந்து அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இலேசாகத் தலையை ஆட்டினாள். நான் உட்கார்ந்துவிட்டேன்.

எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்ததும் அவள் பின்னால் போனேன். என்னால் பொறுக்க முடியவில்லை. இவ்வளவும் செய்தது நீங்கள், பெயர் அவனுக்கா, நாளைக்கே நான் எல்லாரிடமும் சொல்லப் போகிறேன் என்றேன்.

“அக்கா சொன்னது நடந்துச்சா இல்லியா சார்?”

நடந்தது என்றேன்.

“அப்பறம் என்ன? பேசாம இருங்க. அந்தப் பயல நிம்மதியா இருக்க வுடுங்க.” படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு மலைக்கு ஏறினாள். அரைப் பேராவது கிடைக்கும் என்று போனாள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவளும் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் யாரும் அவளிடம் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, நன்றி சொல்லவும் இல்லை. மகன் இப்போது தன் பிள்ளைகளிடம், ஆத்தா என் காதோடுதான் சொன்னார்கள் என்று சொல்கிறான். அவன் பொய் சொல்லவில்லை, அப்படியே நம்புகிறான். நான் இத்தனை வருஷம் பேசாமல் இருந்தேன், பக்கத்து நிரைக்காரி சொன்னதற்காக. இனிமேல் இருக்கப் போவதில்லை. என் அக்கா தன் உடம்புக்கு என்ன வேண்டும் என்பதை, நாக்கு இருக்கும்போது நாக்காலும், நாக்கு போன பின் தலையாலும் கையாலும் சொன்னாள். அவள் சொன்னதே போதுமானதாக இருந்திருக்க வேண்டும். அதை நிறைவேற்ற இன்னொரு பெண் தன்னை ஒன்றுமில்லாதவளாக ஆக்கிக்கொள்ள வேண்டி வந்தது. இதில் யாருக்கு என்ன பெருமை என்று தலைவர் உயிரோடு இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.